கைராசி என்று சொல்லாதீர்கள்!

சென்ற கல்யாண சீஸனில் நீங்கள் எத்தனை முகூர்த்தங்களுக்குப் போய் வந்தீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். ரிசப்ஷன் மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று நின்று கால் கடுத்துப் போனார்களே, அவர்களுக்குப் பின்னால் இருந்த அலங்காரத்தில் கத்தரிப்பூ நிறமும் வெள்ளையும் கலந்த ஒரு பூவைப் பார்த்திருப்பீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மல்லிகை வாடியிருக்கும். ரோஜா தலை கவிழ்ந்திருக்கும். வாசலில் சந்தனப் பேலாவுடன் நின்ற மாமாகூட வாடியிருப்பார். அந்தப் பூ மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தாற்போல் நிமிர்ந்து நின்றிருக்கும்.

டென்ட்ரோபியம் சோனியா என்று அதற்குப் பெயர். ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்தில் தோட்டம் தோட்டமாகப் பயிராகி, விமானம் ஏறி நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வந்து சேருகிறது. ஆனால் காடு மலையெல்லாம் அலைந்தாலும் அந்தப் பூ உங்களுக்கு அகப்படாது. காட்டில் அது பிறக்கவே இல்லை. மனிதர்கள் பொருத்தம் பார்த்து, மணம் முடித்து வைத்து, அதனால் பிறந்த பூ அது. கலப்பின ஆர்க்கிட் என்கிறோமே, அது இதுதான்.

இந்தக் கலப்பினப் பூக்களைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். அதோடு ஒரு பெண்மணியின் வழக்கையும் உங்கள் முன் வைக்க வேண்டும். தீர்ப்பு நீங்கள் சொல்லுங்கள்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஏழாவது மாடி. துளசி வைக்கவே இடம் தேட வேண்டிய வீடு. அவளுடைய பிரசவத்துக்காக நான் போய் இறங்கிய அன்று ஜன்னலோரம் ஒரு சாண் உயரத் தொட்டியில் ஒரு செடி இருந்தது. அடியில் தடித்த இலைகள் நாலைந்து. நடுவிலிருந்து வளைந்து எழுந்த இரண்டு காம்புகள். அவற்றில் வரிசையாக, வெளிர் ரோஜா நிறத்தில் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்தது போலப் பூக்கள். ஃபலனாப்ஸிஸ் என்று பெயர் சொன்னாள். அந்துப்பூச்சி போன்றது என்று அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தமாம்.

குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் பெயர் சூட்டினோம். பூ அப்படியே இருந்தது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. பூ அப்படியே இருந்தது. சம்பந்தி அம்மாள் வந்தவர், யாரும் பார்க்காத சமயமாக ஓர் இதழை நெருடிப் பார்த்து, "பிளாஸ்டிக் இல்லையா இது?" என்று என் காதோடு கேட்டார். மூன்றாம் மாதம்தான் முதல் பூ உதிர்ந்தது. சாயங்காலம் கட்டிய மல்லிகை மறுநாள் காலையில் பழுப்பாகிப் போவதைப் பார்த்தே பழகிய கண்களுக்கு இது பெரிய அதிசயமல்லவா?

ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது? காரணம் வேடிக்கையானது. ஆர்க்கிட் பூ எல்லா வண்டுகளையும் எதிர்பார்ப்பதில்லை. காட்டில் ஒவ்வொரு ஜாதிக்கும் இன்ன வண்டு, இன்ன தேனீ என்று கணக்கு உண்டு. அந்த விருந்தாளி என்றைக்கு வருவார் என்பது நிச்சயமில்லை. ஆகையால் பூ அலங்காரம் கலையாமல் காத்துக்கொண்டே இருக்கிறது. மகரந்தம் வந்து சேர்ந்த மறுநாளே பாருங்கள், 'வந்த காரியம் முடிந்தது' என்று இதழ்களைச் சுருட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். ஏழாவது மாடி ஜன்னலுக்கு எந்த விருந்தாளி வரப்போகிறார்? பூவும் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருக்கும் குணம் இயற்கை கொடுத்தது. நிறமும் அடக்கமான வடிவமும் மனிதர் தேடிச் சேர்த்தவை. நம் வீடுகளில் பெண் பார்க்கும்போது, "பையன் உயரம், பெண் கொஞ்சம் நிறம், குழந்தைகள் நன்றாயிருக்கும்" என்று பாட்டிகள் கணக்குப் போடுவார்கள் அல்லவா? அதே கணக்குத்தான். பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஃபலனாப்ஸிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ் என்று ஒரு குட்டை ஜாதி. பூ சிறியது, ஆனால் கொத்தாகப் பூக்கும். பெரிய வெள்ளைப் பூ ஜாதியோடு இதைச் சேர்த்துச் சேர்த்துத்தான் மேஜை மேல் வைக்கத் தக்க செடிகள் வந்தன. வாண்டா என்ற ஜாதி நெடுநெடுவென்று வளரும், பூ பெரியது. அதன் உறவுக்கார ஜாதி ஒன்று சாண் உயரம். நிறமோ ஆரஞ்சும் சிவப்பும். 1940-களின் கடைசியில் ஹவாய்த் தீவில் இந்த இரண்டுக்கும் சம்பந்தம் செய்து வைத்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு உயரம் ஒரு பக்கம், பூவின் அளவு மறு பக்கம் என்று இரண்டும் வாய்த்தது. பிரேஸில் மலைகளில் பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு சின்னஞ்சிறு சிவப்பு ஆர்க்கிட்தான், இன்று தொட்டியில் அடங்கும் குட்டைக் காட்லியாக்கள் பலவற்றுக்குப் பாட்டி.

'வாண்டா' என்றால் என்னமோ வெள்ளைக்காரப் பெயர் என்று நினைக்காதீர்கள். மரத்தின் மேல் தொற்றி வளரும் செடிக்கு சம்ஸ்கிருதத்தில் வழங்கிய சொல் அது. நம் தமிழ்நாட்டு மரங்களிலும் வாண்டா உண்டு. ஏற்காட்டில் சர்க்காரின் ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது.

சரி, இந்தச் சம்பந்தத்தை எப்படிச் செய்கிறார்கள்? ஆர்க்கிட் பூவின் நடுவில் சின்னத் தூண்போல ஒன்று உண்டு. மற்றப் பூக்களில் பொடியாக உதிரும் மகரந்தம் இதில் கடுகளவு மஞ்சள் உருண்டையாகத் திரண்டு, தூணின் நுனியில் ஒரு மூடிக்குள் இருக்கும். பல் குத்தும் குச்சியால் அந்த உருண்டையை எடுத்து, இன்னோர் ஆர்க்கிட்டின் தூணுக்குக் கீழ்ப்புறம் உள்ள பசைக் குழியில் வைத்துவிட்டால் தாலி கட்டியாயிற்று. கோலத்தில் புள்ளி பிசகாமல் வைக்கிற கைக்கு இது ஒரு பிரமாதமான வேலை அல்ல.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். காய் முற்ற ஆறு மாதமாகலாம், ஒரு வருஷமுமாகலாம். உடைத்தால் உள்ளே விதை என்ற பெயரில் தூசு. மூச்சு விட்டால் பறந்து போகும். ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும். நெல்லிலும் பயறிலும் குருத்துக்கு வேண்டிய கட்டுச்சாதத்தை இயற்கை வைத்து அனுப்புகிறது. ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சாதம் கிடையாது. மண்ணில் ஒருவகைப் பூஞ்சைக் காளான் வந்து ஊட்டினால்தான் அது பிழைக்கும். இந்த ரகசியத்தை 1899-ல் கண்டு சொன்னவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1922-ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் என்ற விஞ்ஞானி காளானே வேண்டாமென்று வழி கண்டுபிடித்தார். என்ன வழி என்கிறீர்கள்? நாம் ஜெல்லி செய்கிற சைனா கிராஸ் இருக்கிறதே, அதில் சர்க்கரையும் சில உப்புகளும் சேர்த்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, மேலே விதையைத் தூவினார். முளைத்தது! சமையலறைச் சாமானில் விஞ்ஞானம் எவ்வளவு ஒளிந்திருக்கிறது பாருங்கள். 1928-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் என்ற தலைவர் இந்தக் குடுவை முறையை வைத்துக்கொண்டுதான் கலப்பின வேலையையே ஆரம்பித்தார். 1960-ல் ழார்ழ் மொரேல் என்ற பிரெஞ்சுக்காரர், செடியின் குருத்து நுனியைத் துளி வெட்டி அதிலிருந்தே அச்சு அசலாகப் பல செடிகளை எடுக்கும் முறையைக் காட்டினார். அதன் பின்புதான் ராஜா வீட்டுப் பூ நம் போன்றவர் ஜன்னலுக்கு இறங்கி வந்தது.

குடுவையில் முளைத்த விதை பூக்க மூன்று வருஷம், ஐந்து வருஷம், சிலவற்றுக்கு ஏழு வருஷம்கூட ஆகும். பூத்த பிறகுதான் பிள்ளை எப்படி என்று தெரியும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன வழக்குக்கு வாருங்கள்.

ஒரு நாள் மகளின் வீட்டிலிருந்து அந்தத் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1995-ல் திறந்த தேசிய ஆர்க்கிட் தோட்டம் அதற்குள்தான் இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம். பெரிய மனிதர்கள் விஜயம் செய்தால் புதிய கலப்பினம் ஒன்றுக்கு அவர்கள் பெயரைச் சூட்டுகிறார்கள். பிரிட்டிஷ் பிரதமராயிருந்த மார்கரெட் தாட்சர் பெயரில் ஒன்று, காலமான டயானா இளவரசியின் நினைவாக ஒன்று என்று பெயர்ப் பலகைகள் நிற்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு குறை. பூவுக்குப் பெயர் தந்தவர் பலகையில் இருக்கிறார். குச்சி பிடித்து மகரந்தம் வைத்து, ஐந்தாறு வருஷம் காத்திருந்தவர் பலகையில் இல்லை.

தோட்டத்தில் ஒரு நெட்டைச் செடி. ஆள் உயரத்துக்கு மேல், பென்ஸில் போன்ற உருண்டை இலைகளோடு, கொம்பைப் பிடித்துக்கொண்டு நல்ல வெயிலில் நின்றது. ரோஜாவும் ஊதாவும் கலந்த பூ. வாண்டா மிஸ் ஜோக்கிம். 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இந்த ஒரு பூவில் மட்டும் அதை உண்டாக்கியவரின் பெயரே இருக்கிறது. அவர் ஒரு பெண்மணி.

ஆக்னஸ் ஜோக்கிம் 1854-ல் சிங்கப்பூரில் பிறந்தார். ஆர்மீனிய வம்சத்து வர்த்தகக் குடும்பம். பதினோரு குழந்தைகளில் மூத்த பெண். தகப்பனார் காலமானபின் தாயாருக்குத் துணையாக நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டார். மணம் செய்துகொள்ளவில்லை. ஊசியும் நூலும் எடுத்தால் சித்திரத் தையலில் கைதேர்ந்தவர். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இருந்த அவர்கள் வீட்டுத் தோட்டம் அவருடைய ராஜ்யம்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூர்த் தோட்டங்களில் இரண்டு வாண்டாக்கள் சர்வ சாதாரணம். ஒன்று மலாய் நாட்டுச் சதுப்பு நிலத்துச் செடி. மற்றொன்று பர்மாப் பக்கத்திலிருந்து வந்த செடி. இந்த இரண்டையும் சேர்த்துப் புதிய பூ ஒன்றை ஆக்னஸ் உண்டாக்கினார். பூவை எடுத்துக்கொண்டு போய், பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். ரிட்லி சாமானியர் அல்ல. மலாய் நாட்டுத் தாவரங்களைக் கரைத்துக் குடித்தவர். 1893-ல் லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதினார். தோட்ட வேலையில் பெயர் பெற்ற இந்தப் பெண்மணி இரண்டு வாண்டாக்களையும் கலப்புச் செய்வதில் வெற்றி கண்டார் என்று, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதினார். 1897-ல் இங்கிலாந்தில் பூத்தபோது அந்தப் பூவுக்கு ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் முதல் வகுப்புச் சான்றிதழ் கிடைத்தது. 1899-ல் சிங்கப்பூர்ப் பூக்கண்காட்சியில் ஆக்னஸுக்கே பரிசு கிடைத்தது. அப்போது அவர் புற்றுநோயில் இருந்தார். அதே வருஷம் ஜூலையில் கண்ணை மூடினார். வயது நாற்பத்தைந்து.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பிற்பாடு இன்னொரு பேச்சு கிளம்பிற்று. அந்த அம்மாள் கலப்பே செய்யவில்லையாம். ஒரு நாள் காலை தோட்டத்தில் உலாவும்போது மூங்கில் புதருக்குள் பூத்திருந்ததைத் தற்செயலாகக் கண்டாராம். செய்து வைத்தது ஒரு கருவண்டாம்! தாவர சாஸ்திரிகள் சிலரும் அதற்கு ஆதரவாக எழுதினார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் இருந்த ஒரு பெண் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்திருக்க முடியுமா என்பது கேள்வி.

எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்கிறேன். குடுவையும் சைனா கிராஸும் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, 1856-ல், இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்து நர்ஸரியில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் முதல் கலப்பின ஆர்க்கிட்டைப் பூக்க வைத்துவிட்டார். லிண்ட்லி என்ற பெரிய தாவர அறிஞர், 'இனி எங்களுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்' என்கிற பாவனையில் அலுத்துக்கொண்டாராம். தாய்ச் செடியின் வேரடியில் விதையைத் தூவி வைப்பது அன்றையத் தோட்டக்காரர்கள் கையாண்ட உபாயம். காளான் அங்கே தானாகவே இருக்கும். லட்சத்தில் ஒன்று பிழைத்தால் போதும். எக்ஸிடரில் ஓர் ஆணுக்கு முடிந்தது, சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்கு ஏன் முடியாது? அதுவும் நேரில் பேசிய நிபுணர் எழுதி வைத்திருக்கும்போது?

இந்த மாதிரி வழக்கு ஆக்னஸுக்கு மட்டும் வந்ததல்ல. ஐஸ்கிரீமில் மணக்கிற வெனிலாவும் ஓர் ஆர்க்கிட்தான். ரியூனியன் தீவில் கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. 1841-ல் எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சிம்பால் பூவின் நாக்கைத் தூக்கிக் கட்டை விரலால் மகரந்தத்தைத் தேய்த்துக் காய்க்க வைத்தான். இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் கையால் செய்கிற முறை அதுவே. பெயர் பெற்ற தாவர அறிஞர் ஒருவர், 'நான் காட்டிக் கொடுத்ததுதான் அது' என்று உரிமை கொண்டாடினார். அவனுடைய பழைய எஜமானரே அவனுக்காகச் சாட்சி சொன்னார். ஆனாலும் எட்மண்ட் ஏழையாகவே இறந்தார். அடிமைச் சிறுவனுக்கு 'சொல்லிக் கொடுத்தார்கள்'. வீட்டுப் பெண்ணுக்கு 'தானாகப் பூத்தது'. உலகம் எப்படிக் கணக்கெழுதுகிறது பாருங்கள்!

ஆக்னஸின் வழக்கு பல வருஷம் நடந்தது. பழைய காகிதங்களைத் தேடி எடுத்தார்கள். அவருடைய உறவு வழியில் வந்தவர்களும் விடவில்லை. 2015-ல் சிங்கப்பூர்ப் பெண்மணிகளின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2016-ல் அந்நாட்டுத் தேசியப் பூங்காக் கழகமும் மரபுடைமைக் கழகமும், பூவை உண்டாக்கியவர் அவரே என்று ஒப்புக்கொண்டன. அவர் இறந்து நூற்றுப் பதினேழு வருஷம் கழித்து! ஹில் தெருவிலுள்ள ஆர்மீனியக் கோயில் வளாகத்தில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. சிங்கப்பூர் போகிறவர்கள் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ஐந்து நிமிஷம் அங்கே நின்றுவிட்டுப் போகலாம்.

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்பீர்கள். என் மாமியார் திருவல்லிக்கேணி வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே ரோஜா வளர்த்தவர். தெருவில் யார் வீட்டிலும் பிடிக்காத பதியன் அவர் வைத்தால் பிடிக்கும். "மாமிக்குக் கைராசி!" என்று எல்லோரும் சொல்லுவார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஒரு நாள் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ராசியாவது மண்ணாவது! விடிகாலை எழுந்து ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்கிறேனே, அது யார் கண்ணிலும் படவில்லை பார்!"

'தற்செயல்' என்று ஆக்னஸுக்குச் சொன்னார்களே, அதன் தமிழ்ப் பெயர்தான் 'கைராசி' என்று எனக்குத் தோன்றுகிறது. ரசம் நன்றாயிருந்தால் கைமணம். குழந்தை நன்றாகப் படித்தால் அதிருஷ்டம். செடி தழைத்தால் ராசி. உழைப்பு என்ற வார்த்தை மட்டும் யார் வாயிலும் வராது.

நிற்க. ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. சாதாரண மண் கூடாது. அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த ஓடு போட்டு வையுங்கள். ஃபலனாப்ஸிஸுக்குக் காலை வெளிச்சம் வருகிற கிழக்கு ஜன்னல் உத்தமம். உச்சி வெயில் இலையைச் சுட்டுவிடும். வேரைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். பச்சையாயிருந்தால் வேண்டாம், வெள்ளி போல் வெளுத்தால் விடலாம். காலையில் விடுவது நல்லது. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அழுகும். பூ ஓய்ந்ததும் காம்பு பச்சையாயிருந்தால் அடியோடு வெட்டாதீர்கள். கீழிருந்து இரண்டு மூன்று கணுவுக்கு மேலே வெட்டினால் மறுபடி கிளைக்கலாம். புதிய காம்பு எழும்ப இரவில் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும். சென்னையில் மார்கழி, தை மாதங்கள்தான் அதற்கு வாய்ப்பு. வெயில் வருகிற மொட்டை மாடியானால் டென்ட்ரோபியம் இன்னும் சுலபம். பன்னிரண்டு மணி வெயிலுக்கு மட்டும் ஒரு வலைப்பந்தல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வாங்கும்போது தொட்டியில் பெயர் எழுதிய சின்னச் சீட்டுச் செருகியிருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு ஜாதகப் புத்தகம் உண்டு. 1906-ல் சாண்டர் என்ற ஆர்க்கிட் வியாபாரி ஆரம்பித்த பட்டியல். 1961 முதல் லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பு. ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள் ஏறியிருக்கின்றன. தாய் யார், தகப்பன் யார், பதிவு செய்தவர் யார் என்று அதில் பார்க்கலாம். அந்தச் சீட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய ஐந்தாறு வருஷம் இருக்கிறது.

அடுத்த வீட்டு அம்மாளின் தொட்டியில் அழகான பூ ஒன்றைப் பார்த்தால், சகோதரிகளே, "உங்களுக்குக் கைராசி" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். "எப்படி வளர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள். பதில் சொல்ல அவருக்கு நிறைய இருக்கும்.